கடைசிப் பாட்டுக்கு அரைக்கட்டை கூட

வயதானவர்களுக்குப் பாட்டு எடுத்துக் கொடுப்பது ஒரு வேலையா என்று பலர் நினைக்கிறார்கள். ஷெரீப்பின் போலீஸ் அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள், உங்கள் முகத்தில் தெரிகிறது. காபியைக் குடியுங்கள், சொல்கிறேன்.

எங்கள் ஊர் முதியோர் மன்றத்தில் வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கரோக்கி; இயந்திரம் இசையைப் போடும், நாம் மைக்கில் பாட வேண்டும். பதினோரு வருடமாக அந்த இயந்திரம் என் கையில். எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தின் பழைய ஜெர்மன் பாட்டுகளுக்கு இப்போது ஆள் இல்லை. எல்லாருக்கும் ஆங்கிலத் துள்ளல் பாட்டுதான் வேண்டும். எழுபதைத் தாண்டினால் அதைத் தொடக்கூடாது என்பது சுத்தப் பொய். வரிக்கு வரி மூச்சு வாங்க இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல்லவியைக் கூட்டம் பிடுங்கிக்கொண்டு பாடினால் இன்னும் நல்லது, பாடுகிறவர் அதற்குள் தண்ணீர் குடித்துவிடலாம். ஒரு கட்டை இறக்கி, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் எண்பத்தைந்து வயதுக்காரியும் இடுப்பை ஆட்டுவாள். இதெல்லாம் எனக்கு அத்துப்படி.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. இந்த வாரம் யாருக்குக் கைதட்டல் அதிகமோ, அடுத்த வாரம் கடைசிப் பாட்டு அவருக்கு. ஒன்பது வருடம் அது என்னிடம் இருந்தது. நான் அதைப் பெரிதாக நினைத்ததே இல்லை.

பிறகு ஆர்வின் ஷ்டால் வந்தார். எழுபத்தொன்பது வயது. பால்பண்ணையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குள் குடிவந்தவர். முதல் வாரமே ஒரு சோகப் பாட்டை இழுத்து இழுத்துப் பாடினார். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைதட்டலும் அடுத்த வாரக் கடைசிப் பாட்டும் அவருக்குப் போயின. காபி ஊற்றும் மேவிஸ் என் காதருகில் குனிந்து, "என்ன டெலோரிஸ், நாற்காலி ஆடுதா?" என்றாள். நானும் சிரித்தேன். மேவிஸ் மீது எனக்குக் கோபம் வருவதே இல்லை.

ஒரு வருடம் பொறுத்தேன். அதன்பின் ஆர்வினிடம், "அழுமூஞ்சிப் பாட்டெல்லாம் போதும். துள்ளலா ஒண்ணு எடுத்துத் தரேன், பாடுங்க" என்றேன். தாளம் தப்பித் திணறுவார் என்று எதிர்பார்த்தேன், மறைக்கவில்லை. மனிதர் மைக்கைப் பிடித்துக்கொண்டு போல்கா ஆட்டமே ஆடிவிட்டார். கூடமே எழுந்து நின்றது.

அன்று கிளம்பும்போது என்னைத் தனியே அழைத்தார்.

"இதயத்துல வால்வு சரியில்லன்னு டாக்டர் சொல்றார். பாடலாமாம், மூச்சு முட்டக் கூடாதாம். மகளுக்குத் தெரிஞ்சா இங்க விடவே மாட்டா. நீ பாத்து எடுத்துக் குடு, டெலோரிஸ். உன்ன நம்பித்தான் பாடறேன்."

நம்பி வந்தவரைக் கைவிடலாமா? அவருக்கென்றே இரண்டு வாரம் தேடினேன். கிடைத்தது. வரிகளுக்கு நடுவே ஊசி நுழைய இடமில்லை. கூட்டம் பாடப் பல்லவி கிடையாது. நான்காவது சரணம் இன்னும் மேலே ஏறும். அவருக்கு உயிராகப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு வெள்ளியும் அரைக்கட்டை ஏற்றினேன், வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். ஒரேயடியாக ஏற்றினால் தெரிந்துவிடும்.

மூன்றாவது வாரம் பாடி முடித்து உட்கார்ந்தபோது அவர் உதடு நீலமாக இருந்தது. எலுமிச்சை கேக் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பாட்டு இன்னைக்கு ஓடுறாப்ல இருந்துச்சே?" என்றார்.

"வெளியில குளிர் எப்படி இருக்கு பாருங்க. உடம்பு மரத்துப்போச்சு, அதான்."

"இருக்கும், இருக்கும்" என்று சிரித்தார். நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன வெள்ளி, மூன்றாவது சரணத்தில் என்னைப் பார்த்து உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டினார். வேகத்தைக் குறை என்று அர்த்தம். அந்தச் சைகையை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். என் விரல் வேகக் குமிழின் மேல்தான் இருந்தது. திருப்பினேன், கூட்டும் பக்கமாக. கூடமே எழுந்து தாளம் தட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவர் எப்படிப் பாட்டை நிறுத்துவார்? நான்காவது சரணத்தை முழுவதும் பாடிவிட்டுத்தான் சரிந்தார். மூன்றைத் தாண்ட மாட்டார் என்று நினைத்திருந்தேன். என் கணக்கில் தப்பியது அது ஒன்றுதான்.

"பாடிக்கிட்டே போனாரு, குடுத்து வெச்சவரு" என்கிறாள் மேவிஸ். மகள் என்னைக் கட்டிக்கொண்டு, "அப்பாவ கடைசி வரைக்கும் சந்தோஷமா வெச்சிருந்தது நீங்கதான்" என்று அழுதாள். நீங்களும் ஒரு கையெழுத்துக்காகத்தான் வந்தீர்கள். போட்டுக் கொடுத்திருப்பேன். ஆனால் உங்கள் தாளில் 'தற்செயல்' என்று எழுதியிருக்கிறதே, அதை எப்படி ஒப்புக்கொள்வது? ஒரு தவறான பாட்டைக்கூட நான் தற்செயலாகப் போட்டதில்லை.

அவரைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். பொறாமையால் என்று மட்டும் எழுதாதீர்கள், அது என் குணமே இல்லை. அவர் விழுந்தது பின்வரிசைக்காரர்களுக்குத் தெரியவில்லை, கைதட்டல் நிற்கவே இல்லை. யாராவது அதை ஏற்றுக்கொள்ள வேண்டுமே என்று, நான்தான் எழுந்து நின்று தலை தாழ்த்தினேன்.