ஜன்னலோரம் வந்த தெலுங்கு

பிச்சாட்டூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த தாய் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: “எம்பொண்ணு வூட்ல ஓயாம பேசும்க்கா. ஸ்கூல் கேட்டத் தாண்டினா ஊமை.”

“தமிழ்ப் புள்ளதானே? ஸ்கூல்ல பேசற தெலுங்கு புரியலையோ இன்னாவோ.”

“சேத்து மூணு மாசமாச்சே! டீச்சரு டாக்டராண்ட காட்டச் சொல்லிட்டாங்க. அங்கதான் போய்க்கினு கீறோம்.”

அவர்களுக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்த அந்த நாலு வயதுக்காரி, தண்ணீர் கேட்டுத் தாயிடம் எழுந்து வந்தாள். அதற்குள் புத்தூரில் ஏறிய கண்ணாடிக்காரர் ஒருவர் அங்கே உட்கார்ந்துவிட்டார். குழந்தை அவர் எதிரே போய் நின்றாள்.

“இதி நா சீட்டு. லேவண்டி!”

என் சீட்டு, எழுந்திருங்கள் என்று சுத்தமான தெலுங்கு. அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

தாய்க்குத் திட்டக்கூடத் தோன்றவில்லை. உடனே போனை எடுத்தாள்.

“ஏங்க, பாப்பா தெலுங்குல சண்ட போடுது! ‘லே’ன்னுகூட சொல்லலீங்க, மரியாதையா ‘லேவண்டி’ன்னுது!”

எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள்.

“டாக்டரு எதுக்கு? அடுத்த ஸ்டாப்புல எறங்கி ஸ்கூலுக்கே இட்டுக்கினு போறேன்.”