இதயத்தில் இல்லை என்று சொன்னவன்

ஐயா, இந்த வயதிலும் நான் கண்ணாடி போடுவதில்லை. நாளெல்லாம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் காலம் தள்ளியவனுக்கு இது அதிசயம் என்று கண் டாக்டரே சொல்வார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எந்தச் சந்தேகம் வந்தாலும், "சார் பாத்துட்டாரா?" என்றுதான் கேட்பார்கள். நான் பார்த்துவிட்டேன் என்றால் பேச்சு முடிந்தது.

எங்கள் வேலை இதுதான். மனித உடலின் ஒவ்வொரு உறுப்பிலிருந்தும் மெல்லிய சீவல் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவோம். ஒரே ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை அதன்மேல் விடுவோம். புரதம் இருந்தால் அந்த இடம் பழுப்பாகும், இல்லாவிட்டால் வெளிர்நீலமாகவே நிற்கும். எந்த உறுப்பில் எது இருக்கிறது, எது இல்லை என்று இப்படி ஒரு வரைபடம் போட்டோம். மருந்து செய்கிறவர்கள் அதை நம்பித்தான் செய்கிறார்கள்.

இதயத்தில் ஒரு தொல்லை உண்டு. வயதானால் அந்தத் தசையில் தானாகவே ஒரு பழுப்பு படியும். ஒருநாள் ஒரு புரதத்தைத் தேடியபோது ஒரு இதயச் சீவலில் லேசாகப் பழுப்பு தெரிந்தது. வயதுப் பழுப்புதான், புரதம் இல்லை என்று எழுதச் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண் ஒருத்தி இருந்தாள். கொண்டையில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் அவளுக்குப் பெயரே பென்சில். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கையைத் தூக்கினாள்.

"சார், ஆன்டிபாடி விடாம ஒரு சீவல் பாத்தீங்களா? வயசுப் பழுப்புன்னா அதுலயும் தெரியணுமே?"

யாரோ சிரித்தார்கள்.

"எனக்கே பாடம் எடுக்க வந்துட்டியா தாயே?" என்றேன். மறுபடி சிரித்தார்கள், இந்த முறை அவளைப் பார்த்து.

உண்மையில் நான் பார்க்கவில்லை. மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போனபோது செய்து பார்த்தேன். ஆன்டிபாடி விடாத சீவலில் பழுப்பு மருந்துக்கும் இல்லை. நேற்று வந்தவள் சொன்னதுதான் சரி. அந்தப் புரதம் இதயத்தில் இருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தகட்டை உடைந்த கண்ணாடி போடும் தொட்டியில் போட்டேன். கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

பிறகு என் மனைவிக்குக் கட்டி வந்தது. அதே புரதம் நிறைந்த கட்டி. அந்தப் புரதம் உள்ள செல்களைத் தேடிக் கொல்லும் புது மருந்து ஒன்று சோதனையில் இருந்தது. டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார்: "உங்க வரைபடத்த வெச்சுத்தான் சார் இத செஞ்சாங்க. கட்டியில இருக்கு, இதயத்துல இல்ல. அப்புறம் என்ன பயம்?"

அவள் என்னைப் பார்த்தாள். "என்னங்க, போட்டுக்கவா?"

நான் வாயைத் திறந்திருந்தால் போதும். ஆனால் திறந்தால் மறுநாள் பென்சில் காதுக்குப் போகும். அவள் சிரிக்கமாட்டாள், அப்படிப்பட்ட பெண்ணில்லை. பாவம் என்று பார்ப்பாள். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

"தைரியமா போட்டுக்கோ. நானே பாத்ததுதான்" என்றேன்.

"அப்போ சரி" என்று கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு குளியலறை வரை நடந்தாலே மூச்சு வாங்கினாள். "நெஞ்ச என்னமோ பண்ணுதுங்க" என்றாள். அப்போதும் சொல்லியிருக்கலாம். சோர்வுதான், தூங்கு என்று போர்த்திவிட்டேன். விடியும்போது அவள் இல்லை. நான் அழுதேன் ஐயா, அது நடிப்பில்லை. அவள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவள் என்னை ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

பழைய இதயச் சீவல்களை மறுபடி செய்து பார்த்து உங்களிடம் கொண்டுவந்தது பென்சில்தான் என்று எனக்குத் தெரியும். செய்யட்டும். இதயத்தில் அந்தப் புரதம் இருப்பது தெரிந்தேதான் என் மனைவியை மருந்துக்கு அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பெண் அன்று அந்தக் கேள்வியைத் தனியாக வந்து கேட்டிருந்தால் என் மனைவி இன்று உயிரோடு இருப்பாள். அவளை மட்டும் ஏன் ஐயா வெளியே விட்டு வைத்திருக்கிறீர்கள்?