போர்டெல்லாம் எரியுது

கட்டுப்பாட்டு அறை: ...வைக்காதீங்க. போனை மட்டும் வைக்காதீங்க. பாலத்துல எந்த இடம்னு தெரியுதா?

வேன்காரர்: எங்க தெரியுது... என் கையே எனக்குத் தெரியல. பக்கத்துல ஒரு விளக்குக் கம்பம். பதினேழுன்னு எழுதியிருக்கு.

கட்டுப்பாட்டு அறை: இங்கேருந்து நடக்கற தூரம்தான். வண்டிக்கு என்ன ஆச்சு?

வேன்காரர்: முன்னாடி ஏதோ நிழலாடுச்சு. ஸ்டியரிங்கை ஒடிச்சேன். பாலத்துச் சுவர்ல இடிச்சு நின்னுடுச்சு மேடம். இப்ப ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது.

கட்டுப்பாட்டு அறை: கூட யாரு?

வேன்காரர்: என் மாமியார். கால்ல கட்டு. ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டுப் போறேன்.

கட்டுப்பாட்டு அறை: ரெண்டு பேரும் இறங்கி, அந்தச் சுவரைத் தாண்டி இருக்கற நடைபாதைக்குப் போயிடுங்க. வண்டிக்குள்ள உக்காரவே கூடாது.

வேன்காரர்: ...

கட்டுப்பாட்டு அறை: ஹலோ? போயிட்டீங்களா?

வேன்காரர்: ம்... போயிட்டோம்.

மாமியார்: யாரு மாப்பிள்ளை போன்ல?

வேன்காரர்: பாலத்து ஆபீஸ், அத்தை. நீங்க கொஞ்சம் பேசாம இருங்க.

மாமியார்: பேசாம இருந்தா பயமா இருக்கு. அதான் பேசறேன்.

வேன்காரர்: மேடம்... பின்னாடி ஏதாவது வண்டி வந்தா?

கட்டுப்பாட்டு அறை: வராதுங்க. மூடுபனி இறங்கினா இங்க கருவி கண்டுபிடிச்சுச் சொல்லிடும். உடனே பாலத்தோட ரெண்டு முனையிலயும் இருக்கற எச்சரிக்கை விளக்கு போர்டு சிவப்பாயிடும். யாரும் பாலத்துல ஏற முடியாது.

வேன்காரர்: இப்ப சிவப்பாயிடுச்சா?

கட்டுப்பாட்டு அறை: ...ஆயிடுச்சு. போர்டெல்லாம் எரியுது.

வேன்காரர்: ஏன் இழுத்து இழுத்துச் சொல்றீங்க?

கட்டுப்பாட்டு அறை: தண்ணி குடிச்சேன்.

மாமியார்: மாப்பிள்ளை, ஏதோ சத்தம் கேக்குது.

வேன்காரர்: ஆத்துச் சத்தம், அத்தை.

மாமியார்: ஆறு ஹாரன் அடிக்குமா?

வேன்காரர்: மேடம்... ஹாரன்தான். லாரி மாதிரி இருக்கு. பின்னாலேருந்து.

கட்டுப்பாட்டு அறை: எதிர்ப் பக்கமா... இருக்கும். நீங்க நகராதீங்க.

வேன்காரர்: பாலமே அதிருது. கேமராவில ஏதாவது தெரியுதா?

கட்டுப்பாட்டு அறை: வெள்ளையா இருக்கு. வெறும் வெள்ளை... பேசிட்டே இருங்க.

மாமியார்: மாப்பிள்ளை, நீங்க போங்க. என் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்... போங்கன்னா.

கட்டுப்பாட்டு அறை: எங்க போகச் சொல்றாங்க?

வேன்காரர்: ஒண்ணுமில்ல. அவங்க அப்படித்தான். ஐயோ, வெளிச்சம்... கிட்ட வந்துடுச்சு...

கட்டுப்பாட்டு அறை: ஹலோ? அண்ணே... ஹலோ?

வேன்காரர்: ...

கட்டுப்பாட்டு அறை: யாராவது பேசுங்க. தயவு செஞ்சு யாராவது...

வேன்காரர்: ...நின்னுடுச்சு.

கட்டுப்பாட்டு அறை: லாரியா?

வேன்காரர்: ம். எங்க பின்கண்ணாடி முழுக்க அதோட விளக்குதான். டிரைவர் இறங்கி வராரு. மேடம்... உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். நாங்க இறங்கவே இல்ல. அத்தை பக்கத்துக் கதவு சுவர்ல நசுங்கிக் கிடக்கு, திறக்கல. இந்தக் காலோட அவங்களை என் பக்கமா இழுக்கவும் முடியல. விட்டுட்டுப் போக மனசு வரல. இவ்வளவு நேரமும் அவங்க கையைப் புடிச்சுட்டு உள்ளதான்...

மாமியார்: புடிச்ச புடியில இனி கைக்கும் ஒரு கட்டுப் போடணும்.

வேன்காரர்: இருங்க, லாரிக்காரர் என்னமோ சொல்றாரு... எங்க வண்டிக்குப் பின்னாடி ஏதோ ஒரு கிறுக்கன் சிவப்பு விளக்கை ஆட்டிட்டு நின்னானாம். அதைப் பாத்துதான் பிரேக்கை மிதிச்சாராம். உரசற தூரத்துல நின்னிருக்கு லாரி. இப்ப அந்த ஆள் சுவர்ல சாஞ்சு உக்காந்திருக்கான், வாயில பேச்சே வரல. அது சரி... போர்டு சிவப்பா இருக்கும்போது இந்த லாரி எப்படி உள்ள வந்தது?

கட்டுப்பாட்டு அறை: எந்த போர்டும் எரியலைங்க. கருவி சரியாத்தான் சொல்லுச்சு, இங்கேருந்து போர்டுக்குப் போற லைன்தான் செத்துப்போச்சு. அதைச் சொன்னா பயந்துபோய் ரோட்டுல ஓடிடுவீங்கன்னு மறைச்சேன். அந்தக் கிறுக்கன் என் வீட்டுக்காரர். இங்க எலக்ட்ரீஷியன். கம்பத்து நம்பர் தெரிஞ்சதும் விளக்கை எடுத்துட்டு ஓடினவர், வயர்லெஸ்ல இதுவரைக்கும் ஒரு வார்த்தை... போனை அவர் காதுல வைங்க, அண்ணே. பேச வேண்டாம். மூச்சு விடட்டும், நான் கேட்டுக்கறேன்.