எட்டாத தண்ணீர்

பொம்மை ரயிலின் தண்டவாளத்தை அறுக்கும்போது அவசரப்படக் கூடாது, சார். பல் பொடிசான ரம்பம் வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் நெளிந்துவிடும்.

கோவில்பட்டியில் முப்பது வருஷம் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டினேன். என் மனைவி ரேணுகாதேவிக்கு வாதம் வந்து, வலது கையைத் தவிர எல்லாம் விழுந்துவிட்டது. குரலும் அறையைத் தாண்டாது. அதனால் அடுப்படியிலிருந்து அவள் கட்டில் வரை பலகை அடித்துத் தண்டவாளம் போட்டேன். தலைமாட்டில் ஸ்விட்ச். அழுத்தினால் ரயில் தண்ணீர் டம்ளரோடு வரும்.

பக்கத்து வீட்டு வெயிலம்மாள் அதைப் பார்த்து, "ஒங்கள மாதிரி ஆரு அண்ணாச்சி பாப்பா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாலு வருஷம் பார்த்தேன். பீத்துணி அலசினேன். புரட்டிப் படுக்க வைத்தேன். அவள் படும் பாடு எனக்குப் பொறுக்கவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

எஞ்சினுக்கு மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் போகிறது. நகக்கண் அளவு வெட்டிவிட்டால் அதற்கு அப்பால் ஓடாது. அவள் கை எட்டும் இடத்துக்கு ஒரு முழம் முன்னால் வெட்டினேன்.

மறுநாள் காலையில் ஸ்விட்சை அழுத்தினாள். ரயில் வந்து நின்றது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, ரயிலு நின்னுட்டு. கை எட்ட மாட்டேங்கு."

"நாகலாபுரம் போயிட்டு வந்து பாக்கேன்."

"சாயங்காலம் வந்துருவீகளா?"

"ம்."

"தலைக்குத் துண்டப் போட்டுக்கிடுங்க. வெயிலு கொல்லுது" என்றாள்.

கதவைப் பூட்டினேன். அவளை அவள் அக்கா வீட்டில் விட்டிருப்பதாக வெயிலம்மாளுக்குப் போனில் சொன்னேன். சித்திரை மாதம். நாகலாபுரத்தில் தம்பி வீட்டில் ஐந்து நாள் இருந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

திரும்பி வந்தபோது டம்ளரில் தண்ணீர் கொஞ்சம் வற்றியிருந்தது. மேலே கரிசல் புழுதி படிந்திருந்தது. அவள் உடம்பு கட்டிலிலிருந்து பாதி வெளியே தொங்கியது. கை ரயிலைப் பார்த்து நீண்டிருந்தது. நாலு விரற்கடைதான் மிச்சம். அவ்வளவு தூரம் அவளால் நகர முடியும் என்று டாக்டரே சொன்னதில்லை.

வெட்டிய இடத்தை நீங்கள் கண்டுபிடித்தது எனக்கு நிம்மதிதான். ஆமாம், நான்தான் செய்தேன்.

சாக வேண்டும் என்று அவள் கேட்டாளா என்கிறீர்கள். ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கக் கூச்சப்பட்டிருப்பாள், சார்.