சௌதாமினியின் வாயை அடைத்தது யார்?

பழம் என் கொல்லையில் காய்த்தது. எடுத்துக்கொள்ளுங்கள் ஹமீத். பிரசன்னா டீச்சர், உங்களுக்குச் சர்க்கரை உண்டென்று தெரியும், பாதி போதும். நேந்திரங்குலை இந்த வருடம் இப்படித் திரண்டதற்கு உரம்தான் காரணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

அறிக்கையில் கையெழுத்துப் போடுமுன், விசாரணைக் குழுத் தலைவன் என்ற முறையில் உறுப்பினர்களான உங்களிடம் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

கோழிக்கோட்டில் வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக் குப்பை சேகரிக்கும் சௌதாமினி தன் வரலாற்றை எழுதியபோது, நம் பதிப்பகம் என்னிடம்தான் முன்னுரை கேட்டது. பதினொரு பக்கம் எழுதினேன். கண்ணீரால் எழுதப்பட்ட நூல் என்றேன். ஏழு பதிப்பு போயிற்று. வெளியீட்டு விழாவில் நீங்கள் இருவருமே அழுதீர்கள். ஊர்வலம் போனோம். அந்தப் பெண்களுக்குக் கையுறை கிடைத்தது, மதியம் உட்கார ஓர் அறை கிடைத்தது. இந்த அழுகை இல்லாமல் அந்தக் கையுறை வந்திருக்காது.

அந்த அறையில் உட்கார்ந்துதான் அவள் இரண்டாவது புத்தகத்தை எழுதினாள். மூன்று நோட்டுகள். துணிக்கடைப் பைகளை வெட்டி, தானே தைத்த நீல உறை போட்டிருந்தாள். படி எடுத்து வைக்கவில்லை, ‘மாஷ்’ என்று கூப்பிடும் வாத்தியார் என்பதால் என்னை நம்பிக் கொடுத்தாள். வீடுகள் குப்பைச் சாக்குக்குள் எதையெல்லாம் ஒளிக்கின்றன என்பதுதான் கதை. படித்துச் சிரித்து எனக்கு விலா நொந்துபோயிற்று. என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“முப்பது வருசமா இலக்கியம் படிக்கிறீங்க, ஒரு நாளும் பல்லு தெரிஞ்சதில்லையே. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

எனக்குக் கவலை வந்தது. அந்தப் பெண்களுக்கு மழைக்கோட்டு கேட்டு நாம் கொடுத்த மனு அப்போது நிலுவையில் இருந்தது. இப்படிச் சிரிக்கிறவளுக்கு யார் மழைக்கோட்டு கொடுப்பார்கள்? ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு விமர்சகர் வருகிறார். வாரப் பத்திரிகையில் அவர் புகழ்ந்த புத்தகங்களெல்லாம் கண்ணாடித் தாள்கூடப் பிரிக்காமல் அவர் வீட்டுச் சாக்கில் கிடக்கின்றன. அந்த அத்தியாயத்துக்கும் என் முடிவுக்கும் சம்பந்தமில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

நோட்டுகளைச் சாக்கில் போட முடியாது. எடுக்க வருபவள் அவள்தான். வாளியில் மூன்று நாள் ஊறவைத்து, கூழானதும் வாழைக்கு அடியில் கொட்டி மண் அணைத்தேன். உறைகளை மட்டும் கழுவி, காயவைத்து, மடித்துச் சாக்கில் போட்டேன். பிளாஸ்டிக் விஷயத்தில் நான் எப்போதுமே ஒழுங்கு.

நோட்டு பதிப்பகத்தில் தொலைந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். பிறகு அவள் எழுதவில்லை. அந்த மௌனம் என்னை உண்மையாகவே உலுக்கியது. ‘சௌதாமினியின் வாயை அடைத்தது யார்?’ என்று கட்டுரை எழுதினேன். அறுபத்து நான்கு பேர் கையெழுத்திட்ட கண்டன அறிக்கையில் முதல் பெயர் என்னுடையது. விசாரணை வேண்டும் என்றோம், இந்தக் குழு அமைந்தது. போன வாரம் அவளுக்காக நாம் நடத்திய தர்ணாப் பந்தலில் இதே குலையில் முதலில் பழுத்த சீப்பை அவளுக்கும் கொடுத்தேன். நல்ல ருசி என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாக்கு எடுக்க வந்தவள், இத்தனை நாள் எடுத்து வைத்திருந்த மூன்று நீல உறைகளை என் மேசைமேல் வைத்தாள்.

“நோட்டு தொலைஞ்சுபோச்சு, அதோட சட்டை மட்டும் குளிச்சுட்டு வந்திருக்கு மாஷே.”

உறைகளை மேசை இழுப்பறைக்குள் தள்ளினேன்.

“மேடையில நின்னு என் வாயை அடைச்சது யாருன்னு அத்தனை பேரு கேட்டீங்க. ஒருத்தராவது மைக்கை என்கிட்டக் குடுத்திருக்கலாம்.”

“உங்க நல்லதுக்குத்தான், சௌதாமினி. இப்பத்தான் ஊரே உங்களுக்காக அழுவுது.”

“மொத புஸ்தகத்தையும் சிரிக்கத்தான் எழுதினேன். நீங்க முன்னாடி நின்னு அழுதீங்க, பின்னாடி வந்தவங்களும் அழுதுட்டாங்க.” சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். “மறுபடி எழுதிட்டிருக்கேன் மாஷே. எல்லாம் மனசுலதான் இருக்கு. ஒம்பதாம் அத்தியாயம் மட்டும் இந்தத் தடவை கொஞ்சம் நீளுது.”

அவள் போன பிறகு அலமாரியிலிருந்து முதல் புத்தகத்தை எடுத்து, அதன் கண்ணாடித் தாளைப் பிரித்தேன். முன்னுரையைப் பதிப்பகம் அனுப்பிய அரைப்பக்கக் குறிப்பை வைத்தே எழுதியிருந்தேன். மூன்றாம் பக்கத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் படித்திருந்தால் உங்களுக்கும் வந்திருக்கும்.

இன்னொன்று, அவள் உங்கள் வீடுகளுக்கும் சாக்கு எடுக்க வருகிறாள். பத்தாம் அத்தியாயத்தில் நீங்கள் இருவரும் இருந்தீர்கள்.

பேனா இதோ. குற்றவாளி என்ற இடத்தில் ‘சமூகம்’ என்று எழுதியிருக்கிறேன். நானும் அதில் ஓர் அங்கம்தானே, பொய் என்று யாரும் சொல்ல முடியாது.