சத்தம் அடங்கினதும் கை தூக்கு

பிரியா: அங்க இல்லடா யுவராஜ். களஞ்சிய வாசல்ல. நீ எப்பவும் நிக்கிற எடத்துல.

யுவராஜ்: நாப்பத்தஞ்சு வயசுல வெளையாட்டு கேக்குது உனக்கு. அம்மா பொழுதோட சாப்புட வரச் சொல்லிச்சு, ஞாபகம் இருக்குதா?

பிரியா: எப்படி மறக்கும்? லீவுக்கு வந்தா தெனமும் இதே கதைதான். ஜைன வீட்டுல இருட்டினா சாப்பாடு கெடையாதுன்னு அத்தை கூப்புடற சத்தம் கடைத்தெரு வரைக்கும் கேக்கும்.

யுவராஜ்: இந்தக் கோட்டை வரைக்குமே கேக்கும். உனக்குத்தான் கேக்காது. நீ இந்தக் களஞ்சியத்துக்குள்ள பூந்துனு ஸா... ஸா...ன்னு கத்தினு இருப்ப.

பிரியா: கத்தினேனா?

யுவராஜ்: பின்ன? ஊருப் புள்ளைங்க எல்லாம் கெணத்துல குதிக்குது. மெட்ராஸ்லருந்து வந்தது மட்டும், ராஜா நெல்லு கொட்டி வெச்ச கட்டடத்துல நின்னுனு எதிரொலிய மோந்து பாக்குது.

பிரியா: நீ மட்டும்? டவுசர் பாக்கெட்டு நெறைய வறுத்த கடலை. நான் பாட, நீ தோல உடைக்க... அந்தச் சத்தமும் சேந்து சுத்தும்.

யுவராஜ்: இன்னா? இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு. முதுகக் காட்டினு பேசுற.

பிரியா: நீ கடலை தின்னதச் சொன்னேன்டா! ...யுவராஜ், எனக்கு இதுதான் தம்புரா. ஸ்வரத்த டீச்சர்கிட்ட கத்துக்கிட்டேன். பாடி நிறுத்தின அப்புறம் என்ன மிச்சம் இருக்குன்னு கேக்கக் கத்துக்கிட்டது இங்கதான். நான் நிறுத்துவேன்... சுவரு நிறுத்தாது.

யுவராஜ்: அது முழுசா அடங்கினதும் நான் கை தூக்கணும். தூக்காம நீ அடுத்தத ஆரம்பிக்க மாட்ட. கால் மரத்துப் போயிடும் எனக்கு.

பிரியா: உள்ள நிக்கிற எனக்கு, காதுல இருக்கறது நெசச் சத்தமா, வெறும் நெனப்பான்னு தெரியாது. வாசல்ல நிக்கிற உனக்குத்தான் தெரியும். அதான் இன்னைக்கும் கூட்டிட்டு வந்தேன்.

யுவராஜ்: இன்னைக்கு இன்னா திடீர்னு? சொல்லாம கொள்ளாம காலைல பஸ் ஸ்டாண்டுல வந்து எறங்கி நிக்கிற...

பிரியா: என் குரல் முன்ன மாதிரி இருக்குதான்னு தெரியணும். சபாவுல கேட்டா கை தட்றாங்க. வீட்டுல கேட்டா ரெஸ்ட் எடுன்றாங்க. நீ ஒருத்தன்தான் மூஞ்சிக்கு நேரா சொல்லுவ.

யுவராஜ்: நான் கடலை மில்லுக்காரன். எனக்கு இன்னா தெரியும்?

பிரியா: ரேடியோவுல என் முதல் கச்சேரி வந்தப்ப எல்லாரும் பாராட்டினாங்க. நீ என்ன சொன்ன? "கடைசிப் பாட்டுல அவசரப்பட்ட, சோத்துக்கு ஓடுற மாதிரி இருந்துச்சு."

யுவராஜ்: ...அது அப்போ.

பிரியா: இப்பவும் அப்படியே சொல்லு. எனக்காக நல்லா இருக்குன்னு சொல்லாத. இன்னைக்குப் பொய் மட்டும் வேணாம்.

யுவராஜ்: ...சரி. பாடு.

பிரியா: பூர்விகல்யாணி ராகம். நிதானமா வரேன். ஸா............ ஏய்! அதுக்குள்ள கை தூக்கிட்ட? இன்னும் சுத்திக்கிட்டு இருக்கேடா!

யுவராஜ்: ஓ... அவசரப்பட்டுட்டேன்.

பிரியா: பசிக்குதா?

யுவராஜ்: அம்மாகிட்ட யாரு திட்டு வாங்கறது... நீ பாடு.

பிரியா: பா............ இப்பவும் பாரு! நான் வாய மூடினதும் உன் கை மேல போயிடுது. அடங்கின அப்புறம்டா!

யுவராஜ்: வாசல்ல காத்து அடிக்குது, அதான். கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் வா. மொகம் தெரியல.

பிரியா: பாட்டு கேக்க மொகம் எதுக்கு?

ஆதிமூலம்: சார்! யுவராஜ் சார்! கேட்டு மூடற நேரம் ஆயிடுச்சு!

பிரியா: வாட்ச்மேன் கூப்புடறாரு பாரு.

யுவராஜ்: எங்க?

பிரியா: உனக்குப் பின்னாடிதான்!

ஆதிமூலம்: எவ்ளோ நேரமா கூவினு இருக்கறேன் சார்.

யுவராஜ்: அட, ஆதிமூலம்! பாட்டுல மயங்கிட்டேன்பா. இது ஜினப்பிரியா, எங்க அத்தை பொண்ணு. பெரிய பாடகி. இன்னும் ஒரே ஒருவாட்டி...

ஆதிமூலம்: சட்டுனு முடிச்சிட்டு வாங்க. நான் கேட்டாண்ட இருக்கறேன்.

பிரியா: இப்போ மேல் ஸ்தாயி. அதுதான்... அதுதான் எனக்குத் தெரிஞ்சாகணும். நல்லா கேளு.

யுவராஜ்: கேக்கறேன்.

பிரியா: ..................

யுவராஜ்: ...ஆஹா. இதான் பிரியா! ஒரு கொறையும் இல்ல. அந்த லீவுல பாடின அதே குரல். இன்னா இப்பிடி நிக்கிற? ஏன் அழுவுற? நல்லாதான சொன்னேன்?

பிரியா: சத்தமே வரலடா.

யுவராஜ்: இன்னா?

பிரியா: வாயத் தொறந்தேன். காத்துதான் வந்துச்சு. குரல் வரல.

யுவராஜ்: இந்தக் காத்துல சரியா...

பிரியா: யுவராஜ்... உனக்குக் காது கேக்கலையா?

யுவராஜ்: ...கிட்ட நின்னு மொகம் பாத்துப் பேசினா, இடது காதுல கொஞ்சம் விழுது. அவ்ளோதான். கடலை உடைக்கிற மெஷின் பக்கத்துலயே நின்ன பொழப்பு. அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

பிரியா: எங்கிட்ட சொல்ல வேணாமா?

யுவராஜ்: நான் கேக்கணும்னே இவ்ளோ தூரம் வந்தவகிட்ட எப்பிடிச் சொல்றது?

பிரியா: நான் அனுப்பின கச்சேரி வீடியோ எல்லாம்...

யுவராஜ்: ஒண்ணு விடாம பாப்பேன். எங்க ஏறும், எங்க எறங்கும்னு உன் வாயப் பாத்தாலே தெரியும். அதுக்கு இந்தக் களஞ்சியத்துல கேட்ட குரல நானே போட்டுக்குவேன். இப்பவும் அதத்தான் கேட்டேன். பொய் சொல்லல பிரியா... எனக்கு அப்பிடித்தான் கேட்டுச்சு.

பிரியா: ...வா போலாம். பொழுது சாயுது. அத்தை எல போட்டிருப்பாங்க.

யுவராஜ்: நீ ஏன் வந்தன்னு இன்னும் சொல்லல.

பிரியா: சும்மாதான். ஜலதோஷம், தொண்டை கட்டிக்கிச்சு... பயந்துட்டேன்.

யுவராஜ்: பொய் வேணாம்னு யாரு சொன்னது?

பிரியா: ஜலதோஷம்தான்டா...

யுவராஜ்: காது போனவன் வாயையும் கழுத்தையுந்தான பாத்துனு இருப்பான்? நீ பொடவையால மூடினு வந்த அந்தக் கட்டிய, பஸ்ஸ விட்டு எறங்கும்போதே பாத்துட்டேன். ஆபரேஷன் என்னிக்குன்னு சொல்லு, நானும் வரேன். குரல் போயிடுமோன்னு பயப்படாத... நீ கண்ணு முழிச்சி வாய அசைச்சாப் போதும், எனக்குக் கேக்கும்.