மாற்றிச் செருகிய அட்டை

எங்கள் கணித ஆராய்ச்சி மையத்தில் தேநீர் நன்றாக இருக்கும், ஐயா. மேல்மாடியில் பென்சிலும் காகிதமும் போதும் என்பவர்கள், கீழ்மாடியில் கம்ப்யூட்டர்காரர்கள் நாங்கள். தேநீர் வேளையில் மட்டும் ஒன்றாக உட்காருவோம்.

மையத்து ஸ்டோர் ரூமில் கிடைத்த பழைய அட்டையைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

மேலே எழுதும் எந்த நிரூபணமும் வெளியே போகுமுன் கீழே வரவேண்டும். லட்சக்கணக்கான எண்களைப் போட்டு மிஷின் சோதிக்கும், நான் கையெழுத்திடுவேன். 1979இல் மேல்மாடியிலிருந்து ரமணி வந்தார். செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். கையில் ஏழு வருட உழைப்பு.

"உங்க மிஷின் வெறும் கணக்கெழுதுற கிராணிதானே, கண்ணப்பன் அண்ணே? சீக்கிரம் கையெழுத்துப் போட்டு, சாப் அடிச்சுக் குடுங்கலா," என்றார். தேநீர் மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தக் காலத்தில் மிஷினுக்குக் கட்டளையெல்லாம் துளையிட்ட அட்டைகளில்தான். ஓர் அட்டையை உருவிவிட்டு, ஒரே ஓர் இலக்கம் மாறிய அட்டையைச் செருகினேன். மிஷின் ஒரு பதினோரு இலக்க எண்ணை அச்சடித்து, அந்த இடத்தில் நிரூபணம் பொய்க்கிறது என்றது. ஒரு வாரம் தவிக்கட்டும், பிறகு சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அந்த எண்ணைக் கையாலேயே சோதிக்க ரமணி உட்கார்ந்துவிட்டார். நான்கு மாதம், பதினெட்டு நோட்டுப் புத்தகம். ஒரு நாள் முகம் வற்றிப்போய்க் கீழே வந்தார்.

"கையால போட்டா சரியா வருது அண்ணே. மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன். மிஷின் இல்லேங்குது. எனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சா?"

உருவிய அட்டை அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

"ரெஸ்ட் எடுங்க ரமணி. மிஷின் தப்பு பண்ணாது," என்றேன்.

அந்த வாரமே நிரூபணத்தையும் நோட்டுகளையும் எரித்துவிட்டார். பிறகு பஸ்ஸில் வாங்கிய சில்லறையைக்கூட எண்ண முடியாமல் தடுமாறினார். மருத்துவமனையில் சேர்த்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

என் மனசாட்சி என்னை அறுக்காத நாள் இல்லை. அதனால்தான் பத்து வருடமாக ஞாயிறு தவறாமல் கிள்ளானிலிருந்து பஸ் ஏறிப் போகிறேன். ஒரு கையை விரித்து விரல்களை எண்ணிக் காட்டுவார்.

"அஞ்சு வருது அண்ணே. சரிதானா? மிஷின்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டுட்டு அடுத்த வாரம் சொல்றேன்," என்பேன்.

அந்தப் பதிலுக்காகவே அவர் வாரம் முழுக்கக் காத்திருக்கிறார். என்னை விட்டால் அவரை அக்கறையாகப் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.